பொழுதுபோக்குக் கொரியச் சொற்கள்: அன்கியில் படித்து, ஷட்டில் கோர்ட்டில் பேசிப் பார்த்த அனுபவம்

கொரிய மொழி படிக்க ஆரம்பிக்கிற எல்லோரையும் முதல் சில பாடங்களுக்குள் இந்தக் கேள்வி பிடித்துவிடும். "சுவிமிகா முவொயேயோ?" உங்கள் பொழுதுபோக்கு என்ன? பதில் சொல்ல ஒரு பட்டியலும் பாடத்திலேயே இருக்கும். தொக்ஸோ வாசிப்பு, உமாக் காம்சாங் இசை ரசிப்பது, துங்சான் மலையேற்றம், நக்ஸி மீன்பிடிப்பது, யோரி சமையல், யொஹேங் பயணம். அதை மனப்பாடம் செய்வது பெரிய வேலையே இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு கொரியரோடு ஐந்து நிமிஷம் பேச்சை ஓட்ட முடியுமா என்று கேட்டால், முடியாது.

நான் தென்கொரியாவின் தேஜொன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். சில வருஷங்களாக அன்கி என்ற, கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கிற செயலியில் பொழுதுபோக்குச் சொற்களுக்கென்று தனியாக ஒரு அட்டை அடுக்கு வைத்து, அட்டைகளை நானே எழுதிப் போட்டுப் படிக்கிறேன். அதில் எது மண்டையில் நின்றது, எது வீண் வேலை என்று சொல்லத்தான் இது. கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், உச்சரிப்பு ஏறக்குறையத்தான் இருக்கும்.

நமக்குச் சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்து விளையாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் "கு" என்று முடியும், அந்தக் "கு"தான் பந்து. கால்பந்து சுக்கு, கூடைப்பந்து நொங்கு, டேபிள் டென்னிஸ் தாக்கு, பில்லியர்ட்ஸ் தாங்கு. கிண்டல் இல்லை, கொரியர் சொல்வது நம் காதில் கிட்டத்தட்ட இப்படியேதான் விழும். அப்புறம் வாலிபால் பேகு, பேஸ்பால் யாகு. தமிழ் தெரிந்தவருக்கு இவற்றுக்கு அட்டையே தேவையில்லை. சொல்லின் முதலில் வலித்தும் நடுவில் மெலிந்தும் ஒலிக்கிற ககரமும் "கல்", "பகல்" என்று பேசி வளர்ந்த நமக்குத் தானாக வந்துவிடும். ஆனால் மூச்சை விட்டுச் சொல்கிற ஒலிகளும் இறுக்கிச் சொல்கிற ஒலிகளும் தமிழில் இல்லாததால், அட்டையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்காதீர்கள். ஹங்குல் என்கிற கொரிய எழுத்து மட்டும் போதும். ஒலி வேண்டுமென்றால் நேவர் என்ற கொரியத் தளத்தின் அகராதியில் சொல்லைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம், வினைச்சொல். தமிழில் டென்னிஸானாலும் சதுரங்கமானாலும் சீட்டானாலும் "விளையாடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கொரியத்தில் முடியாது. கையாலோ மட்டையாலோ அடிக்கிற பலவற்றுக்குச் சிதா: டென்னிஸ், கோல்ஃப், பேட்மின்டன், டேபிள் டென்னிஸ், பியானோ, கிடார் எல்லாம் சிதாதான். ஹ்வாத்து என்று ஒரு சீட்டு உண்டு, மாதத்துக்கு நாலு அட்டை வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 48 அட்டைகள், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செடி அல்லது பூ. பண்டிகை நாளில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து அதைப் போடும்போது அட்டையைப் பளாரென்று தரையில் அறைவார்கள், அதற்கும் சிதா. கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் வெறும் ஹாதா, அதாவது செய். சைக்கிள், பனிச்சறுக்கு, குதிரைக்குத் தாதா. வயலினுக்குக் க்யொதா, புல்லாங்குழலுக்குப் புல்தா. பாதுக், நாம் கோ என்று கேள்விப்பட்டிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டத்துக்குத் தூதா, காயை வைக்கிறது என்ற பொருளில். 2016இல் கொரிய ஆட்டக்காரர் லீ செடோல் சோல் நகரத்தில் ஆல்பாகோ என்ற கணினி நிரலோடு மோதி 4க்கு 1 என்று தோற்றாரே, அந்த ஆட்டம்தான்.

இணையத்தில் கிடைக்கிற ரெடிமேட் அடுக்குகளில் இந்த வினைகள் இருக்காது. ஒரு பக்கம் பியானோ, மறுபக்கம் பியானோ என்று இருக்கும், அதில் படிக்க என்ன இருக்கிறது? என் அட்டையின் முன்பக்கத்தில் "பியானோவை ____" என்று கொரியத்தில் இருக்கும், பின்பக்கத்தில் வினை மட்டும். தமிழின் "ஐ" உருபு நிற்கிற இடத்தில் அங்கே "ருல்" அல்லது "உல்" நிற்கும், வினை கடைசியில்தான் வரும். அதனால் வாக்கியமாகப் போடுவது நமக்கு ஒரு சுமையே இல்லை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த வரிசைக்கே முழி பிதுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்கி 2006லிருந்து இருக்கிற செயலி. பார்க்க அழகாக இருக்காது. மறந்துபோகும் தறுவாயில் அட்டையை மறுபடி காட்டும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். 2023 கடைசியில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறை சேர்ந்த பிறகு, எனக்குத் தினமும் வருகிற அட்டைகள் கண்கூடாகக் குறைந்தன, அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. இதோடு கூடவே பரிசும் பதக்கமும் கொடுக்கிற ஒரு பிரபலமான செயலியையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். அதில் ஒரு நாள் விட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அதைச் சமாதானப்படுத்தவே பாதி நேரம் போனது.

சொற்கள் உண்மையில் ஏறியது பேட்மின்டன் குழுவில் சேர்ந்த பிறகு. இங்கே தொங்ஹோஹே என்பார்கள், ஒரே ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். கல்லூரிக்குள் இருந்தால் அது தொங்காரி. அக்கம்பக்கத்தில் பழைய சாமான் வாங்கி விற்கிற தாங்குன் செயலியிலேயே தெருவாரியாகக் குழுக்களைத் தேடலாம், நான் அப்படித்தான் பிடித்தேன். போன முதல் நாளே "குப்சு என்ன?" என்றார்கள். ஏ, பி, சி, டி என்று ஆட்டக்காரருக்குத் தரம் உண்டு, அடிமட்டத்தில் இருப்பவர் சோஷிம். இந்தச் சொல் எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. ஆட்டத்துக்கு முன்னால் சும்மா தட்டிப் பழகுவது நான்தா, "நான்தா சில்காயோ?" (தட்டலாமா?) என்று யாராவது வந்து நிற்பார், பாருங்கள், அங்கேயும் அதே சிதா. அடிக்கிற ஷட்டில்காக்குக்கு யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, வெறும் கோக். மாதச் சந்தா ஹேபி, ஆட்டம் முடிந்து சாப்பிடப் போவது துவிபுரி. வயதில் மூத்த ஆண்களை ஆண்கள் ஹ்யொங்னிம் என்பார்கள், நம் அண்ணே மாதிரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அன் செ-யொங் பெண்கள் ஒற்றையர் தங்கம் வாங்கினார், 1996க்குப் பிறகு கொரியாவுக்கு அந்தப் பிரிவில் முதல் தங்கம். அவரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் போதும், மற்றவர்களே பேச்சை நடத்திக்கொள்வார்கள், நாம் தலையாட்டிக்கொண்டே அரைமணி நேரம் இலவசமாகக் கேட்டல் பயிற்சி செய்யலாம்.

காம்சாங் என்ற சொல்லை வாயால் சொல்லிக் கேட்டது ரொம்பக் குறைவு. அது படிவத்தில் நிரப்புகிற சொல். பேச்சில் "உமாக் துன்னுன் கொ ஜோவாஹேயோ" என்பார்கள், பாட்டுக் கேட்கிறது பிடிக்கும். இந்த "னுன் கொ ஜோவாஹேயோ" வாலை மட்டும் பிடித்துக்கொண்டால், எந்த வினையை வேண்டுமானாலும் முன்னால் மாட்டிப் பொழுதுபோக்காக்கிவிடலாம். பட்டியலில் பாதியை இந்த ஒரு வால் காலி செய்துவிடும்.

துங்சான் மட்டும் பட்டியலிலும் வாழ்க்கையிலும் ஒரே மாதிரி இருக்கிற சொல். ஞாயிற்றுக்கிழமை தேஜொன் பக்கம் கெரியொங்சான் மலைக்குப் போனால், பாட்டி தாத்தாக்கள் முழு மலையேற்ற உடுப்போடு நம்மைத் தாண்டிப் போவார்கள். உச்சி ஜொங்சாங், இறங்குவது ஹாசான். எதிரே இறங்கி வருகிறவர் நாம் மூச்சிரைப்பதைப் பார்த்து "கொய் தா வாஸோயோ" என்பார், கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள் என்று பொருள். நம்ப வேண்டாம். கீழே வந்ததும் பாஜொன் என்ற வெங்காயத்தாள் அடையும் மாக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும். இந்தச் சொற்களை அட்டையில் போட்டது அநாவசியம், ஒரு தடவை ஏறி இறங்கினால் மறக்காது.

இப்போது சேர்த்துக்கொண்டிருப்பது பேஸ்பால் சொற்கள். உள்ளூர் அணி ஹன்வா ஈகிள்ஸ், கடைசியாகக் கோப்பை வாங்கியது 1999இல். மைதானத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது ஜிக்வான், ஆதரவாகக் கத்துவது உங்வொன். எட்டாவது இன்னிங்ஸில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, கூட்டம் மொத்தமும் வெறும் தொண்டையில் "சேகாங் ஹன்வா" என்று கத்தும். சேகாங் என்றால் மிக வலிமையான. அணி கடைசி இடத்தில் கிடந்த வருஷங்களிலும் இதையேதான் கத்தினார்கள்.

கே-பாப் பக்கம் இருப்பவர்களுக்குத் தொக்ஜில் (ரசிகராக மூழ்கிக் கிடப்பது), சேஏ (ரொம்பப் பிடித்தவர்), இப்தொக் (ரசிகராக ஆவது) எல்லாம் ஏற்கனவே அத்துப்படி, அதற்கு நான் எதற்கு. நொரேபாங் (கரோக்கி), பீசீபாங் (கணினி விளையாட்டு), ஜிம்ஜில்பாங் (சானா) என்று வருகிற "பாங்" என்பது அறை, அவ்வளவுதான்.

டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வின் முதல் தாள் மட்டுமே இலக்கு என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 200க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. அதற்கு அந்தப் பழைய பெயர்ச்சொல் பட்டியலும், ஒரு ரெடிமேட் அடுக்கும், பழைய வினாத்தாள்களும் போதும். கொரியாவில் வந்து இருக்கப் போகிறவர்கள், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பொழுதுபோக்கை எடுத்து அதன் சொற்களை மட்டும் வினையோடு போடுங்கள். எனக்குப் பிடிக்காத நக்ஸி அட்டைகளை எப்போதோ நீக்கிவிட்டேன்.