ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஆ, சிவிலைசேஷன் 6-ஆ? தப்பு எப்போது தெரியும் என்பதில்தான் வித்தியாசம்

வியூக விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஏஜ் வாங்கலாமா, சிவ் வாங்கலாமா? "கை வேகம் இருந்தால் ஏஜ், பொறுமை இருந்தால் சிவ்" என்று ஒரு பதில் உடனே வந்து விழும். அந்தப் பதில் பாதி வழிக்குத்தான் உதவும். ஏஜிலும் யோசனை வேண்டும், சிவிலும் அவசரம் உண்டு. நிஜமான வேறுபாடு, நாம் செய்த தப்பு எப்போது கண்ணில் படுகிறது என்பதில் இருக்கிறது. ஏஜில் அது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சிவில் டர்ன் டர்னாக, அதாவது முறை வைத்து ஆடுகிறோம்; 20-ஆவது டர்னில் செய்த தப்பு 120-ஆவது டர்னில்தான் தலைகாட்டும். அப்போது அது எங்கே தொடங்கியது என்றே நினைவிருக்காது.

இங்கே ஏஜ் என்பது 2019-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன். மூல ஆட்டம் 1999-இல் என்செம்பிள் ஸ்டுடியோஸ் செய்தது. சிவ் என்பது ஃபிராக்ஸிஸ் உருவாக்கி 2016-இல் வந்த ஆறாம் பாகம், அதோடு ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்த்து. விரிவாக்கம் இல்லாத சிவ் 6 அரைகுறை ஆட்டம். தள்ளுபடி வரும்வரை காத்திருந்து மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

முதலில் ஏஜ். முதல் இரண்டு நிமிடத்தை உற்றுப் பார்த்தாலே முழு ஆட்டத்தின் கணக்கும் பிடிபட்டுவிடும். வழக்கமான தொடக்கத்தில் கையிருப்பு 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஒரு டவுன் சென்டர் (ஊர் மையம்), மூன்று வில்லேஜர் (வேலையாள்), ஒரு ஸ்கவுட் (வேவு பார்க்கும் குதிரைக்காரன்). ஒரு வில்லேஜர் உருவாக 50 உணவும் 25 விநாடியும் பிடிக்கும். ஆக, டவுன் சென்டர் நிற்காமல் ஓட நிமிடத்துக்கு 120 உணவு வேண்டும். ஆட்டிறைச்சி எடுக்கும் ஒரு வில்லேஜர் நிமிடத்துக்குச் சுமார் 20 உணவு சேர்ப்பார். 120-ஐ 20-ஆல் வகுத்தால் ஆறு. ஏறக்குறைய எல்லா பில்ட் ஆர்டரும் (தொடக்க வேலைகளின் வரிசை) "முதல் ஆறு பேர் ஆட்டுக்கு" என்று தொடங்குவது இந்த வகுத்தலால்தான். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவர்கள், ஒரு ஆடு குறைந்தாலே தடுமாறிவிடுவார்கள்.

ஆறு பேருக்குப் பிறகு மூன்று நான்கு பேர் மரத்துக்கு. மரத்தைக் கொண்டுவந்து போடும் லம்பர் கேம்ப்புக்கு 100 மரம். அடுத்தவர் காட்டுப்பன்றியை இழுத்து வர. ஒரு பன்றியில் 340 உணவு, அதாவது மூன்றரை ஆட்டுக்குச் சமம். அடுத்த நால்வர் மில் கட்டி பெர்ரி பறிக்க. பிறகு இரண்டாவது பன்றி, மிச்சம் பேர் மரம். மக்கள்தொகை 21 வாக்கில் 500 உணவு கொடுத்து ஃபியூடல் ஏஜ் என்ற இரண்டாவது காலத்துக்கு அழுத்தலாம். மாற 130 விநாடி ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பாரக்ஸ் (காலாள் கூடம்) முடிந்து, ஸ்டேபிளுக்கு (குதிரை லாயம்) 175 மரம் கையில் இருந்தால் உங்கள் தொடக்கம் சுத்தம்.

தப்பு நடப்பது எங்கே? நான்கு இடங்களில். முதலாவது வீடு. தொடக்கத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம், ஏற்கெனவே நால்வர் இருக்கிறார்கள். முதல் விநாடியிலேயே வீடு போடாவிட்டால் இரண்டாவது வில்லேஜரிலேயே வரிசை நின்றுவிடும். அதன் பிறகும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வீடு, 25 மரம், விடாமல் வேண்டும். இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆடுகளை வெட்டுவது. வெட்டிய இறைச்சி அழுகிக் குறைந்துகொண்டே போகும், ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. மூன்றாவது, பன்றி. வில்லேஜருக்கு 25 உயிர்தான் (அடி தாங்கும் புள்ளி). அடித்த கையோடு டவுன் சென்டரை நோக்கி ஓடவைக்க வேண்டும், வேறு வேலை பார்க்கப் போனால் ஆள் காலி. கையில் 50 தங்கம் இருந்தால் டவுன் சென்டரில் லூம் என்ற ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளலாம், 15 உயிர் கூடும்.

நான்காவதுதான் பெரியது: சும்மா நிற்கும் டவுன் சென்டர். இரண்டு நிமிடம் அது ஓடாமல் நின்றால் போனது ஐந்து வில்லேஜர். அந்த ஐந்து பேர் அடுத்த பத்து நிமிடத்தில் கொண்டுவந்திருக்கக்கூடியது ஏறக்குறைய 1000 உணவு. மூன்றாவது காலமான கேஸில் ஏஜுக்கு 800 உணவும் 200 தங்கமும்தான் கேட்கிறார்கள். எதிராளி நைட் என்ற கனத்த குதிரைவீரனோடு வந்து நிற்கும்போது நாம் இன்னும் ஃபியூடலில் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், அவருடைய வேகமான விரல்கள் இல்லை. ஹெச் அழுத்தினால் டவுன் சென்டர், முற்றுப்புள்ளி அழுத்தினால் சும்மா நிற்கும் வில்லேஜர். இந்த இரண்டு கீயும் கையில் படிந்தாலே ஆட்டம் ஒரு படி ஏறிவிடும். ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதி இதையெல்லாம் கடிகாரம் வைத்துச் சொல்லித்தருகிறது, பதக்கமும் கொடுக்கிறது. அதைத் தாண்டிப் போய் நேராக ஆன்லைனில் இறங்காதீர்கள்.

சிவுக்கு வருவோம். இங்கே கடிகாரம் இல்லை. ஒரு டர்னை அரைமணி நேரம் யோசிக்கலாம். ஆனால் முதல் ஐம்பது டர்னில் எடுக்கும் முடிவுகளில் பாதியைத் திருப்பி எடுக்க முடியாது. நகரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க வழியில்லை, ஒரு டிஸ்ட்ரிக்ட்டை (நகரத்துக்காகத் தனிக் கட்டத்தில் எழுப்பும் பகுதி) கட்டினால் அது அங்கேயேதான்.

ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆற்றங்கரையில் வைத்த நகரத்துக்கு 5 ஹவுசிங் (மக்கள் தங்கும் வசதி), கடலோரத்தில் 3, தண்ணீரே இல்லாத இடத்தில் 2. மக்கள்தொகை ஹவுசிங்குக்கு ஒன்று குறைவாக வரும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும். இரும்பு கிடைக்கிறதே, குதிரை கிடைக்கிறதே என்று தண்ணீர் இல்லாத இடத்தில் நகரம் வைக்கிறீர்கள். அதன் வளர்ச்சி மக்கள்தொகை ஒன்றாக இருக்கும்போதே இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது டிஸ்ட்ரிக்ட்டுக்கு நான்கு பேர் வேண்டும், மூன்றாவதுக்கு ஏழு. பக்கத்து நாட்டுக்காரன் கேம்பஸ் (அறிவியல் தரும் டிஸ்ட்ரிக்ட்), வணிக மையம், தொழிற்பேட்டை என்று அடுக்கும்போது உங்கள் நகரம் ஒரே டிஸ்ட்ரிக்ட்டோடு உட்கார்ந்திருக்கும். 100-ஆவது டர்னில் அறிவியல் ஏன் பின்தங்கியது என்று தேடினால், விடை 20-ஆவது டர்னில் இருக்கிறது. அங்கேதான் வைக்கவேண்டிய கட்டாயம் என்றால் கிரானரி என்ற களஞ்சியம் (2 ஹவுசிங்), பிறகு அக்வடக்ட் என்ற நீர்க்கால்வாய் (தண்ணீரால் வரும் ஹவுசிங்கை 6 ஆக்கும்) என்ற வரிசையில் முதலிலேயே போடுங்கள்.

கேம்பஸ் வைக்கும் இடமும் அப்படித்தான். ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மலைக்கும் 1 அறிவியல். மூன்று மலைக்கு நடுவே வைத்தால் 3. நேச்சுரல் ஃபிலாசஃபி என்ற கொள்கைக் கார்டு போட்டால் அது 6 ஆகும். வெட்டவெளியில் வைத்த பூஜ்யத்தை எந்தக் கார்டாலும் இரட்டிப்பாக்க முடியாது. இன்னொன்று: டிஸ்ட்ரிக்ட்டின் விலை நீங்கள் தொழில்நுட்பத்தில் முன்னேற முன்னேற ஏறிக்கொண்டே போகும். ஆனால் இடம் குறித்துவிட்டால் அந்த நாள் விலையிலேயே நின்றுவிடும். அதனால் இப்போது கட்டப்போவதில்லை என்றாலும் இடத்தைக் குறித்துப் போட்டுவிடுங்கள். காடு இருக்கும் கட்டம் என்றால், பில்டரை (வேலையாள்) அனுப்பி மரத்தை வெட்டி எடுத்த பிறகு குறியுங்கள். நேரடியாகக் குறித்தால் மரம் வீண்.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி உலக அதிசயக் கட்டடங்களைக் கட்டுவது. ஸ்டோன்ஹெஞ்சுக்கு 180 உற்பத்தி. புது நகரம் நிறுவும் முதல் செட்லருக்கு 80, அடுத்ததற்கு 110, இரண்டும் சேர்த்தால் 190. ஒரு வட்டக் கல்லா, இரண்டு நகரமா? மேல் நிலைகளில் கணினி பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அதைக் கட்டிவிடும். ஸ்கவுட், ஸ்லிங்கர் (கவண்வீரன்), செட்லர் என்ற வரிசையே பாதுகாப்பு. காலனைசேஷன் கார்டு கிடைத்ததும் செட்லருக்கு 50 சதவீதம் கூடுதல் உற்பத்தி கிடைக்கும், அப்போது அடுக்காக விடுங்கள். 100-ஆவது டர்னுக்குள் ஏழெட்டு நகரம் இல்லையென்றால் ஆட்டம் கனமாகிவிடும். அதற்காக எதிரி மூக்குக்குக் கீழே போய் வைக்கவும் கூடாது. ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் அவனுடைய மக்களின் அழுத்தத்தால் லாயல்டி (நகரத்தின் விசுவாசம்) சரிந்து, நகரம் நம் கையை விட்டுப் போய்விடும். கவர்னர் ஒருவரை அமர்த்தினால் டர்னுக்கு 8 கூடும், அது சில நகரங்களைக் காப்பாற்றும்.

போரில் ஏஜுக்குத்தான் என் ஓட்டு, அதில் சந்தேகமே இல்லை. ஏஜில் ஒரு நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 60 உணவு, 75 தங்கம், 100 உயிர், தாக்கு 10. ஈட்டிவீரனுக்கு 35 உணவு, 25 மரம், உயிர் 45. குதிரைமேல் அவனுக்குக் கூடுதல் தாக்கு 15 உண்டு, சொந்தத் தாக்கில் நைட்டின் கவசம் போக மிஞ்சுவதையும் சேர்த்தால் ஒரு குத்துக்கு 16 போகும். "நைட்டுக்கு எதிர் ஈட்டி" என்று கேள்விப்பட்டு ஒரே ஒருவனை அனுப்பினால் அவன் செத்துவிடுவான். நைட் ஐந்து வெட்டில் ஏழெட்டு விநாடிக்குள் முடித்துவிடும், ஈட்டிக்கோ ஏழு குத்து வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. இரண்டு பேரை அனுப்புங்கள். முதலாமவன் சாவதற்குள் நைட்டிடம் நான்கு உயிர்தான் மிச்சம், இரண்டாமவன் அடுத்த குத்தில் முடித்துவிடுவான். செலவு 120, தங்கம் ஒரு காசு கூட இல்லை. எதிரிக்குப் போனது 135, அதில் 75 தங்கம். இந்த மாதிரிக் கணக்கு ஒவ்வொரு படைக்கும் உண்டு, அதைக் கண்ணெதிரே பார்க்கவும் முடிகிறது.

சிவ் போர் வேறு மாதிரி. சமபலம் உள்ள இரண்டு படை மோதினால் நூறில் சுமார் 30 உயிர் போகும். குன்றோ காடோ காலடியில் இருந்தால் 3 பலம் கூடும், இரண்டு டர்ன் அசையாமல் நின்றால் 6. அழகான அமைப்புதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படை என்ற விதியைக் கணினியால் சரியாகக் கையாள முடியவில்லை. படைகள் ஒன்றையொன்று வழிமறித்து நிற்கும், வில்லாளியை முன்னே விட்டு வாளனைப் பின்னே வைக்கும். மதிலும் மூன்று வில்லாளிகளும் இருந்தால் பெரிய படையெடுப்பைக் கூட நிறுத்திவிடலாம். இதை ஈடுகட்டத்தான் மேல்நிலையில் கணினிக்குச் சலுகை தருகிறார்கள். டெய்டி என்ற உச்ச நிலையில் அது மூன்று செட்லரோடு தொடங்கும், நீங்கள் ஒன்றோடு. ஏஜின் புதிய கணினி எதிரி எக்ஸ்ட்ரீம் என்ற கடினமான நிலையில் கூட வளத்தைத் திருடுவதில்லை. உங்களுக்கு இருப்பதுதான் அதற்கும். தோற்றாலும் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்ற நிறைவு அங்கே கிடைக்கிறது.

தமிழ் வாசகருக்கு ஏஜ் பக்கம் சாய இன்னொரு காரணமும் உண்டு. 2022-இல் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் தனி நாகரிகமாக வந்தார்கள். ராஜேந்திர சோழன் பேரில் ஐந்து களங்கள் இருக்கின்றன. உருமி வீசும் வீரன், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல், யானைமேல் வில்லாளி. ஒவ்வொரு காலம் மாறும்போதும் 200 மரம் இலவசம், அதாவது இரண்டு லம்பர் கேம்ப். பாரக்ஸ் ஆராய்ச்சிக்குப் பாதி விலை. கடைசியில் வூட்ஸ் எஃகு எடுத்தால் காலாளும் குதிரையும் எதிரியின் கவசத்தைத் துளைத்தே அடிக்கும். பலவீனத்தையும் தெரிந்துகொண்டு எடுங்கள்: நைட் கிடையாது, குதிரைப்படை மெலிவு. திறந்த நிலமான அரேபியா மேப்பில் புதியவர் கையில் திணறும், தண்ணீர் உள்ள மேப்பில் சோழக் கடற்படை போலவே பாயும். சிவ் 6-இல் சோழர் இல்லை, இந்தியா என்ற ஒரே பேரில் காந்தியும் சந்திரகுப்தனும்தான். 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர் இரண்டாவது காலகட்டத்து நாகரிகமாக இருக்கிறார்கள், கலம் என்ற கப்பலோடும் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவோடும்.

கணினி விஷயம் சுருக்கமாக. ஏஜ் சுமாரான லேப்டாப்பிலும் ஓடும், 4கே படத்தொகுப்பை மட்டும் இறக்காதீர்கள். சிவில் கடைசிப் பகுதியில் டர்ன் மாற நேரம் இழுக்கும், அது பிராசஸரின் வேலை. மேப்பை ஒரு அளவு சிறிதாக்கி, எதிரிகளைக் குறைத்தால் பெரிய நிம்மதி. ஆன்லைன் வேகம் என்று வைத்தால் 500 டர்ன் 250 ஆகும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே தோது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரென்றால் சிவ் ஒவ்வொரு டர்னும் தானே சேமித்துக்கொள்ளும். ஏஜ் ஆன்லைன் போட்டியில் கரன்ட் போனால் தோல்விதான், ரவுட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும்.

முக்கால் மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்பவரும், தோற்ற காரணம் அன்றே தெரிய வேண்டும் என்பவரும் ஏஜில் தொடங்கலாம். ஞாயிறு முழுக்க ஒரே ஆட்டத்தில் ஊறிக்கிடக்க ஆசைப்படுபவருக்கு சிவ். சிவ் எடுப்பவர் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்: 1, 50, 100 ஆகிய டர்ன்களில் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். தானாகச் சேமிப்பவை அடுத்தடுத்து அழிந்துகொண்டே போகும். 150-இல் இழுக்கும்போது 50-ஐத் திறந்து, இரண்டாவது நகரத்தின் மக்கள்தொகையையும் ஹவுசிங்கையும் மட்டும் பாருங்கள். ஏஜ் எடுப்பவர் ஆட்டம் முடிந்ததும் ரெக்கார்டிங்கைப் போட்டு, முதல் பத்து நிமிடம் டவுன் சென்டரின் மேலேயே கண்ணை வைத்திருக்கட்டும்.