வளர்ந்த நாய் வீட்டுக்கு வந்தால்: சங்கிலியா, கூண்டா, தனி அறையா?

செங்கோட்டை, புளியரை, கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று மலையின் இரு பக்கத்திலும் வளர்ந்த நாய்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. குடும்பத்தோடு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நாலைந்து வயது லேப்ரடாரைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ரப்பர் தோட்டத்தில் காவலுக்கு இருந்த ராஜபாளையம், தோட்டம் விலைபோனதும் போக்கிடம் இல்லாமல் நிற்கும். இப்படிப்பட்ட நாயை ஏற்றுக்கொள்வது பெரிய மனசு. ஆனால் வண்டியிலிருந்து இறக்கிய உடனே ஒரு கேள்வி வந்துவிடும்: இதை எங்கே வைப்பது?

நம் பகுதியில் நாலு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. புறவாசலில் சங்கிலி, வீடு முழுக்க அவிழ்த்துவிடுவது, கூண்டு, ஒரு தனி அறை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த நாய்க்கு ஆரம்பத்தில் சின்ன இடம் போதும். அந்த இடம் பழகிய பிறகு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். அதற்கு மிகவும் தோதானது தனி அறை, மிகவும் மோசமானது சங்கிலி.

சங்கிலி

பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது சங்கிலியைத்தான். தென்னையிலோ தூணிலோ கட்டிவிட்டு, "ரெண்டு வாரம் கெடக்கட்டும், தானா பழகிரும்" என்பார்கள். செலவில்லை, ஓடிப்போகாது, வருகிறவர்களுக்குப் பயமில்லை என்று காரணமும் சொல்வார்கள். ஓடிப்போகும் என்ற கவலை நியாயமானதுதான். புது இடத்தில் பயந்துபோன நாய் கேட் திறந்த நொடியில் பாய்ந்துவிடும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744 ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. இரவிலும் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் ஒரு நாய் குறுக்கே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் சங்கிலி அதற்கு மருந்து இல்லை. பயந்த நாய் முதலில் விலகிப் போகத்தான் பார்க்கும். அதற்கு வழியில்லாதபோதுதான் பல்லைக் காட்டும். கட்டிப்போட்டால் விலகவே முடியாது. பால்காரர் வந்தாலும் பக்கத்து வீட்டுப் பையன் வந்தாலும் அது நின்ற இடத்தில் நின்று சமாளித்தாக வேண்டும். அப்புறம் "ரொம்ப ஆக்ரோஷமான நாய்" என்று பேர் வாங்கிக்கொடுத்துத் திரும்ப அனுப்பிவிடுகிறோம். போதாததற்கு, கட்டுத்தறியில் கிடக்கும் நாய் வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று கற்றுக்கொள்ளவே போவதில்லை.

நம் மண்ணுக்கே உரிய காரணங்களும் இரண்டு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விடாது. ஈரத்தில் கிடக்கும் நாய்க்குத் தோலில் சொறியும் பூஞ்சையும் எளிதில் வந்துவிடும். இன்னொன்று சிறுத்தை. மலையடிவாரத் தோப்புகளில் சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. சங்கிலியில் கிடக்கும் நாயால் ஓடித் தப்பக்கூட முடியாது. சட்டமும் இதைப் பார்க்கிறது. நாயை எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு, அதற்கு உரிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அவிழ்த்துவிடுவது

இது பாசத்தால் வரும் தவறு. "இனி இது உன் வீடு" என்று எல்லாக் கதவையும் திறந்துவிடுவார்கள். நாய் ஒவ்வொரு மூலையாக மோந்துபார்த்து, ஆண் நாயாக இருந்தால் கதவு நிலையில் சிறுநீர் கழித்து, கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். அங்கிருந்து யாராவது கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும்போதுதான் முதல் கடி விழுகிறது. சங்கிலியோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள வீட்டுக்கும், தெருக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் வீட்டுக்கும் ஒத்துவராது.

கூண்டு

முன்பே கூண்டில் தூங்கிப் பழகிய நாய் என்றால் அதே கூண்டை வாங்கி வந்துவிடுங்கள், அதைவிட நல்லது கிடையாது. கதவைத் திறந்தே வைத்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். பழகாத நாயை முதல் ராத்திரியே உள்ளே தள்ளிப் பூட்டினால் கதை வேறு. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். மொட்டைமாடியில் கட்டும் இரும்புக் கூண்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், வெயிலில் அது அடுப்பு.

தனி அறை

அறை என்றதும் சாமான் போடும் இருட்டறையைக் கொடுத்துவிடக் கூடாது. தரை காய்ந்திருக்க வேண்டும். புறவாசலுக்குப் பக்கமாக இருந்தால் வெளிக்குக் கூட்டிப்போக வசதி. அடுக்களைச் சத்தமும் வீட்டு ஆட்களின் பேச்சும் லேசாகக் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும் என்று பயப்படும் நாய்கள் நிறைய, அதனால் சாக்கோ பாயோ விரித்துவிடுங்கள். பழைய வீட்டிலிருந்து அது படுத்த துணியைத் துவைக்காமல் வாங்கி வருவது எந்தப் புது மெத்தையையும்விடப் பெரிய உதவி.

அறையில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சும்மா உட்கார்ந்திருங்கள். அதன் முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், தரையில். அதுவாக வந்து மோந்துபார்த்த பிறகு தொடலாம். நீங்கள் இருக்கும்போதே சாப்பிடுகிறதா, உடம்பைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்கிறதா, எழுந்ததும் சோம்பல் முறிக்கிறதா என்று பாருங்கள். இவை தெரிய ஆரம்பித்ததும், வீடு அடங்கிய சாயங்கால நேரத்தில் கதவைத் திறந்துவிடலாம். முதலில் பட்டாசல் என்கிற கூடம், அப்புறம் மற்ற அறைகள். நாய் மீட்பில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு புரிய மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். உத்தேசக் கணக்குதான், ஆனால் நம் அவசரத்தைக் கட்டுப்படுத்த உதவும்.

தனி அறைக்கு இடமில்லாத வீடுகள் நம் ஊரில் ஏராளம். அங்கே பட்டாசலில் ஒரு மூலையைக் கட்டிலால் மறித்து, துணி தொங்கவிட்டால் போதும். அந்த மூலைக்குள் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது என்று குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். வெளியே போகும்போது மட்டும், கேட் பூட்டியிருந்தாலும், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

கூடவே இருப்பதா, தனியே விடுவதா

இதில் இரண்டு கட்சி. லீவு போட்டுவிட்டு ராப்பகலாகக் கூடவே இருப்பவர்கள் ஒரு பக்கம், முதல் நாளே வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டால்தான் பழகும் என்பவர்கள் இன்னொரு பக்கம். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாய், அடுத்த மனிதரும் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது ஊளையிடுவதும் கதவைப் பிறாண்டுவதும் சகஜம். அதனால் முழு நாளும் விட்டுப்போவது கூடாது. அதேபோல, ஒரு வாரம் ஒட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று காலை முதல் மாலை வரை காணாமல் போனாலும் அதே பாடுதான் படும்.

கூட இருங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே சின்னச் சின்னதாக விலகிப் பழக்குங்கள். வாசல் வரை போய் உடனே திரும்புங்கள், அடுத்து கடைக்குப் போய் வாருங்கள், அப்புறம் அரை மணி நேரம். போகும்போது கொஞ்சலும் வேண்டாம், வரும்போது ஆர்ப்பாட்டமும் வேண்டாம். முதல் சில இரவுகள் ஒரே அறையில் படுத்தால் கெட்டுப்போகும் என்ற பயமும் தேவையில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கிய நாய்தான் பகலில் எதையும் கற்றுக்கொள்ளும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதியதை நேராக வாசலில் கொண்டுபோய் இறக்காதீர்கள். வயல் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ, ஆளுக்கு ஒரு நாயாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து, பிறகு சேர்ந்து வீட்டுக்குள் வருவது நல்லது. சாப்பாட்டுத் தட்டுகள் தனித்தனி இடத்தில்.

அதட்டலா, தின்பண்டமா என்ற சண்டைக்கு விடை வந்துவிட்டது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021 இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எந்த நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே போதும் என்று சொல்லிவிட்டது. பேரை மாற்ற வேண்டாம். பழைய வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிடுங்கள். சாப்பாடும் அப்படியே தொடரட்டும், பிறகு ஒரு வாரத்தில் மெதுவாகக் கலந்து மாற்றலாம். குழம்புச் சோறு மட்டும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குளியல் ஒரு வாரம் பொறுக்கும்.

பொறுக்காதது மருத்துவம். தடுப்பூசி அட்டையைப் பழைய வீட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வெறிநாய்க்கடி ஊசியையும் மற்றவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். தோட்டத்திலிருந்து வரும் நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கும். முதல் ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாதது ஏக்கத்தால் இருக்கலாம். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் என்று எது தெரிந்தாலும் அது ஏக்கம் இல்லை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணோ ஈறோ மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும். வயலும் சாரலும் எலியும் சேர்ந்த நம் ஊர்களில் அது நாயோடு நிற்காது, சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அது கழித்த இடத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.