எக்ஸ்டிஆர் என்று விற்றார்கள், வந்து சேர்ந்தது வேறு: ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. எக்ஸ்டிஆர் (XDR) என்ற கணினிப் பாதுகாப்பு ஏற்பாட்டை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய நாங்கள், அது இயங்கிக்கொண்டிருந்தபோதே ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) தாக்குதலுக்கு உள்ளானோம். பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி நடந்துவருவதால், விற்ற நிறுவனத்தின் பெயரை வழக்கறிஞரின் அறிவுரைப்படி இங்கே தவிர்க்கிறேன். இதே போன்ற விலைப்புள்ளியை மேசையில் வைத்துக்கொண்டு கையெழுத்திட யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இந்தப் பதிவு.

எக்ஸ்டிஆர் என்ற பெயர் 2018 இல் பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனர் நிர் சுக் வழியாகப் பரவியது. அதற்கு முன்பிருந்த இடிஆர் (EDR), ஒவ்வொரு கணினியிலும் சர்வரிலும் ஏஜென்ட் எனப்படும் ஒரு காவல் நிரலை அமர்த்தி, அந்தந்த இயந்திரத்துக்குள் நடப்பதை மட்டுமே பார்க்கும். மின்னஞ்சல், ஃபயர்வால் (வலையமைப்பின் வாயிற்காவல் கருவி), கிளவுட் கணக்குகள், ஆக்டிவ் டைரக்டரி (ஊழியர் கணக்குகளின் மையப் பதிவேடு) ஆகியவற்றின் பதிவுகளையும் சேர்த்து இணைத்துப் பார்ப்பதுதான் எக்ஸ்டிஆர். எங்களுக்குக் காட்டப்பட்ட செயல்விளக்கத்தில் இது அழகாகவே நடந்தது: ஒரு போலி மின்னஞ்சல் வருகிறது, ஊழியர் ஒருவர் அதைச் சொடுக்குகிறார், அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் இணைப்பு) வழியாக நுழைகிறார், அங்கிருந்து சர்வருக்குத் தாவுகிறார், இவை அனைத்தும் ஒரே திரையில் ஒரே சங்கிலியாகத் தெரிந்தன. "இருபத்துநான்கு மணி நேரமும் எங்கள் ஆட்கள் கண்காணிப்பார்கள்" என்பதும் அப்போது சொல்லப்பட்டதே.

வந்து சேர்ந்தது வெறும் இடிஆர். எங்கள் ஃபயர்வால் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் அதை இணைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும் என்றும், அதன் கட்டணம் நாளொன்றுக்கு எத்தனை ஜிபி பதிவுகள் உள்ளே வருகின்றன என்பதைப் பொறுத்தது என்றும், பணம் கட்டிய பிறகுதான் தெரிவித்தார்கள். மின்னஞ்சல் இணைப்பு "அடுத்த கட்டத்தில்" வரும் என்றார்கள். அந்தக் கட்டம் வரவே இல்லை. பட்டறையில் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களோடு பிணைந்த பழைய விண்டோஸ் 7 கணினிகளில் ஏஜென்ட்டை நிறுவ முடியாது என்பதை நிறுவ வந்த பொறியாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனாரே தவிர, பணி நிறைவு அறிக்கையில் அந்தக் கணினிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தைக் கண்டால் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் எழுப்பும் நிலையில் சர்வர்களின் ஏஜென்ட்டுகளை வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் சில வாரங்கள் அப்படி வைத்துப் பார்ப்பது முறையானதுதான். ஆனால் அதைத் தடுக்கும் நிலைக்கு மாற்ற எவரும் திரும்பி வரவில்லை.

தாக்குதல் ஒரு வார இறுதியில் நடந்தது. கொள்முதல் பிரிவு ஊழியர் ஒருவரின் விபிஎன் கணக்கின் மூலம் வெளிநாட்டு முகவரியிலிருந்து நுழைந்தவர்கள், ஏஜென்ட் இல்லாத ஒரு பட்டறைக் கணினியைத் தங்கள் தளமாக்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை கோப்பு சர்வரில் எல்சாஸ் (உள்நுழைவு விவரங்களைக் கையாளும் விண்டோஸ் நிரல்) நினைவகத்தைப் படித்து நிர்வாகிக் கடவுச்சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு அதிகாலை கோப்புகளை மீட்க விண்டோஸ் தானே வைத்திருக்கும் நிழல் நகல்களை அழித்துவிட்டு, பட்டறைக் கணினியில் இருந்தபடியே சர்வரின் பகிர்வுக் கோப்புறைகளைப் பூட்டினார்கள். பூட்டும் நிரல் சர்வரில் ஓடவே இல்லை. வலையமைப்பு வழியாகவே வேலை முடிந்தது. அகிரா என்ற கும்பல், இடிஆர் தன்னைத் தடுத்த ஓர் இடத்தில், பாதுகாப்பற்ற வெப்கேம் ஒன்றில் இருந்து இதே முறையில் கோப்புகளைப் பூட்டியதாக 2025 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே இது அறியப்படாத தந்திரம் அல்ல.

கடவுச்சொல் திருட்டும் நிழல் நகல் அழிப்பும் கன்சோலில் (கருவியின் கட்டுப்பாட்டுத் திரையில்) உயர் அபாய எச்சரிக்கைகளாகவே பதிவாகியிருந்தன. கருவி கண்டுபிடித்திருக்கிறது. அதைப் பார்த்துத் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இல்லை. விளக்கம் கேட்டபோது, எச்சரிக்கை மின்னஞ்சல்கள் தானாக அனுப்பப்பட்டதாகவும், மனிதர் பார்த்து நடவடிக்கை எடுப்பது எம்டிஆர் என்ற வேறு சேவை என்றும், அது எங்கள் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் விலக்கப்பட்டிருப்பதாகவும் பதில் வந்தது. அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் 2013 இல் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடுபோனபோதும் ஃபயர்ஐ என்ற பாதுகாப்புக் கருவி எச்சரித்திருந்தது. பெங்களூரில் இருந்த குழு அதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தும் இருந்தது. அங்கேதான் அது கிடப்பில் போனது. அவர்களிடமாவது பெறுவதற்கு ஒரு குழு இருந்தது. எங்களுக்கு விற்கப்பட்ட "கண்காணிப்பு" வார இறுதியில் யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டி.

இணைப்பில் இல்லாத வெளி வட்டில் ஒரு பேக்கப் இருந்ததால் வரைபடங்களையும் கணக்குகளையும் மீட்டோம். அதற்குப் பிறகு வேறொரு சிக்கல் முளைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட திட்டத்தில் பதிவுகள் 30 நாட்களுக்குப் பின் அழிந்துவிடும். கடவுச்சொல் எப்போது, எந்த மின்னஞ்சலால் பறிபோனது என்பதை இன்றுவரை நிறுவ முடியாததற்கு அதுவே காரணம். இந்திய நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு இந்த ஆணை தெரியாது என்று நம்புவதற்கில்லை.

விற்பனைக் குறிப்பேட்டில் "மைட்டர் மதிப்பீட்டில் நூற்றுக்கு நூறு" என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் அமெரிக்காவின் மைட்டர் அமைப்பு யாருக்கும் மதிப்பெண்ணோ தரவரிசையோ தருவதில்லை என்பதை அதன் வலைத்தளத்திலேயே படிக்கலாம். அந்தச் சோதனைகளில் கருவியை இயக்குபவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் வல்லுநர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்க இருப்பவர்கள், எந்தெந்த மூலங்களின் பதிவுகள் உள்ளே வரும் என்பதைப் பெயர் பெயராக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் நிறுவ முடியாத இயந்திரங்களின் பட்டியலையும், தடுக்கும் நிலைக்கு மாற்றும் தேதியையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். உயர் அபாய எச்சரிக்கைக்கு எத்தனை நிமிடத்தில் யார் யாரை அழைப்பார், உங்கள் அனுமதிக்குக் காத்திராமல் ஒரு கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பவை எழுத்தில் இல்லையென்றால், அந்தச் சேவை இல்லை என்றே கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், தாக்குதல்களைப் போலச் செய்து பார்க்கும் அட்டாமிக் ரெட் டீம் என்ற இலவசத் தொகுப்பிலிருந்து கடவுச்சொல் திருட்டுச் சோதனை ஒன்றை, தனியாக ஒதுக்கிய கணினியில், விடுமுறை நாள் இரவில், அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அழைப்பு வருகிறதா என்பதை அன்று இரவே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: கன்சோலின் முதன்மை நிர்வாகக் கணக்கும், ஏஜென்ட்டை நீக்கும் கடவுச்சொல்லும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். எங்களுடையவை விற்றவரின் கையில் இருக்கின்றன. வேறொருவரிடம் மாறுவதாகச் சொன்னபோது, மீதமுள்ள ஆண்டுகளின் தொகையைச் செலுத்தினால்தான் அவற்றை ஒப்படைப்போம் என்று எழுத்திலேயே பதில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலை வழக்கறிஞர் அறிவிப்புடன் இணைத்து, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இந்திய அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறோம்.