தீம் பார்க் நாளுக்கு எந்த பவர் பேங்க்? ராத்திரி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள்

அக்கா குடும்பமும் நாங்களுமாக ஆறு பேர், தொடர்ந்து மூன்று நாள் தீம் பார்க் போனோம். கிளம்பும்போது என்னிடம் இருந்தது 20000 எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பவர் பேங்க் ஒன்று. அத்தான் போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையைக் கொண்டு வந்திருந்தார். திரும்பி வந்ததும் நான் வாங்கியது இந்த இரண்டுமில்லை. கேபிள் உடம்போடு சேர்ந்தே வரும் 10000 எம்ஏஹெச் பவர் பேங்க், அதுவும் இரண்டு. அதற்குப் பிறகு இரண்டு பயணம் அவற்றோடு போய் வந்தாயிற்று. ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநிலையான தீர்ப்பு இல்லை, என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தாங்கும் போன் பார்க்கில் மதியம் இரண்டு மணிக்கே ஏன் படுத்துவிடுகிறது? வெயிலில் திரை தெரிய வேண்டுமென்று வெளிச்சம் உச்சத்தில் நிற்கிறது. எந்த ரைடுக்கு எத்தனை நிமிடம் வரிசை என்று பார்க்க ஆப்பைத் திறந்துகொண்டே இருக்கிறோம், அது வரைபடத்துக்காக ஜிபிஎஸ்ஸையும் ஓட்டுகிறது. இடையில் வீடியோ வேறு. இதற்கெல்லாம் மேல், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் இருப்பதால் சிக்னல் திணறுகிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவே போன் கூடுதலாக உழைக்கிறது. டிக்கெட்டும் போனுக்குள்தான் என்பதால் சார்ஜ் தீர்ந்தால் படம் எடுக்க முடியாமல் போவதோடு நிற்பதில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எழுபது நிமிட வரிசையில் பாதி தாண்டியிருந்தோம், என் போனில் 11 சதவீதம். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, நம்ம எல்லார் டிக்கெட்டும் உங்க போன்லதானே இருக்கு?" என்றாள். பையில் இருந்த பவர் பேங்க் அப்போது காலி.

அது ஏன் காலியானது என்பதுதான் விஷயம்.

20000 எம்ஏஹெச் என்பது சின்ன அளவில்லை. முதல் நாள் அது எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. காலையில் நிறைத்துக்கொண்டு போனோம், ஆறு போனும் மாறி மாறிக் குடித்தன, ராத்திரி வெளியே வரும்போதுதான் தீர்ந்தது. அறைக்கு வந்து சேர பதினொன்றரை ஆகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். முதலில் என் போனைப் போட்டேன், நடுராத்திரி விழிப்பு வந்தபோது அதைக் கழற்றிவிட்டு பவர் பேங்க்கை மாட்டினேன். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் நான்கு விளக்கில் இரண்டு நிலையாக எரிகின்றன, மூன்றாவது மினுக்கிக்கொண்டிருக்கிறது. பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினோம். 20000-க்கான கனத்தை நாளெல்லாம் சுமந்தோம், உள்ளே இருந்ததோ 10000 அளவுக்கான சார்ஜ்.

வீட்டுக்கு வந்து அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தபோது காரணம் புரிந்தது. இன்புட் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். 20000 எம்ஏஹெச் என்றால் 20 ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி), அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் அவர் (வாட்-மணி), அதாவது உள்ளே அடங்கும் மொத்த மின்சாரம். பத்து வாட்டில் 74-ஐ நிரப்ப, ஒரு துளி வீணாகாமல் போனாலே ஏழரை மணி நேரம் வேண்டும். சூடாகப் போவது கொஞ்சம் உண்டு, கடைசிப் பகுதி எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். ஆக, நிஜத்தில் ஒன்பது பத்து மணி நேரம். நமக்கு அறையில் கிடைப்பதோ ஏழரை மணி நேரம், அதிலும் போனுக்குப் பங்கு கொடுக்க வேண்டும்.

கடையில் பவர் பேங்க் வாங்கும்போது எல்லோரும் இரண்டு எண்களைப் பார்க்கிறோம். எத்தனை எம்ஏஹெச், போனுக்கு எவ்வளவு வேகமாக ஏற்றும். மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது, இன்புட். பவர் பேங்க் தானே எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதைச் சொல்வது அதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் பெரும்பாலும் அவுட்புட் கணக்கு, இன்புட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரே நாள் பயணம் என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், முந்தின நாள் மதியமே வீட்டில் போட்டு வைத்துவிடலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று போகிறவர்களுக்கு இந்த ஓர் எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

இப்போது என்னிடம் இருக்கும் 10000-ஐ இதே கணக்கில் வையுங்கள். மொத்தம் 37 வாட் அவர். இன்புட் 18 வாட். மூன்று மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. குளித்துவிட்டு, அன்றைய படங்களைப் பார்த்துவிட்டுப் படுப்பதற்குள் பாதி ஏறியிருக்கும். மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கிற பழக்கம் இருந்தால் அந்த இடைவெளியே சாயங்காலத்துக்குப் போதும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ராத்திரி விழித்து எழுந்து எதையும் மாற்றி மாட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு கவனம் தேவை. பவர் பேங்க் 18 வாட் வாங்கக்கூடியதாக இருந்தாலும் சுவரில் மாட்டும் அடாப்டர் பழைய 10 வாட் என்றால் பத்துதான் கிடைக்கும். கேபிளும் இரண்டு முனையிலும் யூஎஸ்பி-சி இருக்கிறதா என்று பாருங்கள். பல பவர் பேங்க்குகள் அந்தக் கேபிள் இருந்தால்தான் முழு வேகத்துக்குப் போகின்றன. இரண்டு துளை உள்ள அடாப்டரிலும் ஒரு சங்கதி உண்டு. 20 வாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒன்றை மட்டும் மாட்டும்போதுதான், இரண்டையும் மாட்டினால் இரண்டுக்குமாகப் பிரிந்துவிடும். எனவே பயணத்துக்கு நல்ல அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்வது, பெரிய பவர் பேங்க் ஒன்று வாங்குவதைவிட எனக்கு அதிகம் உதவியது.

10000 போதுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பெட்டியில் 10000 என்று இருக்கும், பின்பக்கம் சின்னதாக 6000 சொச்சம் என்று இன்னோர் எண் இருக்கும். ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 3.7 வோல்ட்டில் இருக்கும் 10000-ஐ 5 வோல்ட்டுக்கு உயர்த்தி வெளியே அனுப்பும்போது எம்ஏஹெச் குறையத்தான் செய்யும், மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் போகும். போன் பேட்டரியின் எண்ணும் ஏறக்குறைய அந்த 3.7 வோல்ட் கணக்கில் சொல்வதுதான், எனவே 6000-ஐ அதோடு நேராக வகுக்கக் கூடாது. 5000 எம்ஏஹெச் பேட்டரி உள்ள போனை இதை வைத்து ஒன்றரை முறை நிரப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினால் மொத்தம் இரண்டரை பேட்டரி ஆயிற்று. காலை எட்டிலிருந்து ராத்திரி பத்து வரை எவ்வளவு வீடியோ எடுத்தாலும் ஒரு போனுக்கு இது தாராளம், இரண்டு போனுக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு சின்னது வாங்கியதற்கு இன்னொரு காரணம், பார்க்கில் குடும்பம் ஒன்றாக இருப்பதே இல்லை. பெரியவள் ரோலர் கோஸ்டர் வரிசையில், சின்னவனுக்கு உயரம் போதாததால் அவன் அம்மாவோடு ராட்டினத்துப் பக்கம். பவர் பேங்க் எந்தப் பையில் இருக்கிறதோ அந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் சார்ஜ். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கொன்று. எடையும் பிரிகிறது. 10000 வகை சுமார் 200 கிராம், பேன்ட் பாக்கெட்டில் அடங்கும். 20000 வகை 350 கிராமைத் தாண்டும், அதைப் பாக்கெட்டில் போட்டு நடக்க முடியாது.

உடம்போடு வரும் கேபிளின் அருமை வரிசையில் நிற்கும்போது தெரியும். தனிக் கேபிள் என்றால் பைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும், மாட்டினால் ஒரு முழம் தொங்கும், பின்னால் நிற்கிறவர் தோள்பை அதில் மாட்டி இழுக்கும். அந்த மூன்று நாளில் எங்கள் கேபிள் ஒன்றின் முனை வளைந்தது அப்படித்தான். இப்போதுள்ளது நான்கு விரற்கடை நீளம்தான். போனையும் பவர் பேங்க்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் உள்ளங்கைக்குள் நின்றுவிடுகிறது. குறையும் உண்டு. இந்தக் கேபிள் அறுந்தால் மாற்ற முடியாது. அதனால் தனியாகவும் ஒரு யூஎஸ்பி-சி துளை இருக்கிற மாடலாகப் பார்த்து எடுத்தேன். என்னுடையதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, மூன்று நான்கு வருடம் போனால் அந்தக் கேபிளின் கழுத்து எப்படி இருக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. வீட்டில் பழைய ஐபோனும் புதியதும் கலந்து இருந்தால் முனையைக் கவனியுங்கள். ஐபோன் 15-இலிருந்துதான் யூஎஸ்பி-சி, அதற்கு முந்தையவை லைட்னிங்.

அத்தானின் காந்த வகைக்கு வருவோம். வசதி என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. டப்பென்று ஒட்டிக்கொள்கிறது, கேபிளே வேண்டாம், ஒட்டியபடியே படம் எடுக்கலாம். ஆனால் வயர்லெஸ்ஸில் வழியிலேயே கணிசமான மின்சாரம் சூடாகப் போய்விடுகிறது. கேபிளில் ஒன்றரை முறை கிடைக்கும் இடத்தில் இதில் சுமார் ஒரு முறைதான். அந்தச் சூடும் போனின் முதுகிலேயே இறங்குகிறது, மேலே வெயில் வேறு. பேட்டரி ஓர் அளவுக்கு மேல் சூடானால் போன் தன்னைக் காத்துக்கொள்ள சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். உச்சி வெயிலில் அத்தானுக்கு இதுதான் நடந்தது. அரை மணி நேரம் ஒட்டி வைத்தும் எண் நகரவே இல்லை. அதற்குப் பிறகு குளிர்சாதன அரங்குக்குள் போகும்போது மட்டும் ஒட்டினார், அங்கே நன்றாகவே ஏறியது. கையில் வைத்துப் பார்த்தது அந்த மூன்று நாள்தான், அதுவும் வெயில் காலத்தில் என்பதால் குளிர்ந்த ஊரில் இதன் மேல் என் அபிப்பிராயம் மாறவும் கூடும். க்யூஐ2 என்ற காந்த வயர்லெஸ் சார்ஜ் தரம் 2023-இல் வந்த பிறகு ஆண்ட்ராய்டு பக்கமும் காந்தம் வரத் தொடங்கியிருக்கிறது. வயர்லெஸ் சார்ஜ் உண்டு, காந்தம் மட்டும் இல்லை என்கிற போனாக இருந்தால் காந்த வளையம் உள்ள உறை வாங்க வேண்டும்.

ஓர் இடத்தில் காந்த வகை என் பவர் பேங்க்கைத் தோற்கடித்தது, அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ரைடில் நனைந்து வந்தபோது அக்கா போனின் துளையில் ஈரம். கேபிளைச் செருகியதும் எச்சரிக்கை காட்டி சார்ஜ் ஏற்றவே மறுத்துவிட்டது. துளை உலரும் வரை கேபிளைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. முதுகைத் துடைத்துவிட்டுக் காந்தத்தை ஒட்டியதும் ஏறத் தொடங்கியது. தண்ணீர் ரைடுகளுக்காகவே போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது போனையும் பவர் பேங்க்கையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் அந்தப் பக்கமே போகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதட்டுச்சாயக் குப்பி அளவில் நேரடியாகப் போனில் செருகும் 5000 வகை, அரை நாளுக்கும் அவசரத்துக்கும் சரி. ஆனால் செருகியபடி பாக்கெட்டில் போட்டால் துளையின் மேல் பாரம் விழுகிறது. சில பார்க்குகளில் வாடகைக்கு எடுத்து இன்னொரு இயந்திரத்தில் திருப்பிப் போடும் முறை உண்டு. நான் ஒரே ஒரு முறை முயன்றேன், சாயங்காலம் எல்லோரும் தேடும் நேரத்தில் இயந்திரம் காலியாக இருந்தது. சூரிய ஒளியில் ஏறும் பவர் பேங்க் பார்க்குக்குப் பயன்படாது. உள்ளங்கை அளவுத் தகடு நாளெல்லாம் வெயிலில் கிடந்தாலும் கொஞ்சம்தான் தரும், பேட்டரியை வெயிலில் காயவைப்பதும் அதன் ஆயுளுக்குக் கெடுதல்.

20000-ஐ நான் முழுக்க ஒதுக்கவில்லை. 30 வாட் இன்புட் உள்ளவை இப்போது கிடைக்கின்றன. அதற்கேற்ற அடாப்டரும் இருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், என் பெரிய புகார் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கைக்குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகவே சுற்றும் குடும்பம் என்றால் அதை வண்டிக்கு அடியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விமானத்தில் போகிறவர்களுக்கும் தடையில்லை. 100 வாட் அவர் வரை சிறப்பு அனுமதி தேவையில்லை, இது 74-தான். கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

பயணம் முடிந்ததும் இரண்டையும் பாதி அளவுக்கு ஏற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். முழுதாக நிரப்பியோ, அடியோடு காலியாகவோ மாதக்கணக்கில் வைத்தால் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து விளக்கைப் பார்க்கிறேன், உடம்பு எங்காவது உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்க்கிறேன். அந்தப் பழைய 20000 இப்போது வீட்டில் வைஃபை ரவுட்டர் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் போனுக்கு அதுதான் கைகொடுக்கிறது. மெதுவாக நிரம்ப அங்கே அதற்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது.