பண்ணைக்குத் தரும் மானியம்: நிலத்துக்கா, கருவிக்கா?

சுற்றுச்சூழலைக் காக்கும் பண்ணைகளுக்குப் பணம் தர அமெரிக்க அரசு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைகளுக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதே என் கேள்வி.

1985இல் வந்த சிஆர்பி (CRP) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம், பயிரிடுவதை நிறுத்தச் சொல்கிறது. மண் அரிக்கும் வயலில் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு வாடகை தரும். மண் தங்கும், பறவைகளுக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் தானிய விலை ஏறியிருந்தால், பலர் அதே நிலத்தை மறுபடி உழுதுவிடுகிறார்கள்.

1996இல் தொடங்கிய ஈக்விப் (EQIP) என்ற சுற்றுச்சூழல் ஊக்கத் திட்டத்தில் விளைச்சல் நிற்காது. சொட்டுநீர்க் குழாய், மண்ணைப் போர்த்திக் காக்கும் மூடுபயிர், வேலி போன்றவற்றின் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தருகிறார்களே, அந்த வகை. எனக்கு உறுத்துவது வேறு. ஈக்விப் நிதியில் பாதியைக் கால்நடை வளர்ப்புக்கென்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. பெரிய பன்றிப் பண்ணைகளின் கழிவுக் குட்டைகளுக்கும் இதிலிருந்து பணம் போகலாம். தன் கழிவைத் தானே சுத்தம் செய்ய வேண்டியவருக்கு மக்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சிங்கப்பூர் நடப்பது ஈக்விப்புக்கு நெருக்கமான பாதையில். 2021இல் 60 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கிய ஆக்ட் (ACT) என்ற வேளாண் உணவுத் துறை உருமாற்ற நிதி, பண்ணைகளின் தொழில்நுட்பச் செலவில் பங்கேற்கிறது. ஆனால் கருவி வந்த பிறகு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவது பண்ணைதான். 2024இல் நாம் உண்ட காய்கறியில் சுமார் 3 விழுக்காடுதான் இங்கே விளைந்தது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்ற இலக்கையும் 2025 நவம்பரில் அரசு கைவிட்டு, 2035க்குப் புது இலக்குகளை வைத்தது.

சிஆர்பியை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. விவசாயத்துக்கு இருப்பதே நாட்டு நிலத்தில் சுமார் 1 விழுக்காடு. அதைச் சும்மா போட்டுவைக்கக் காசு கொடுப்பது தகாது. ஆனால் அந்தத் திட்டத்துக்குள்ளேயே நாம் எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு சிறு பிரிவு இருக்கிறது. நீரோடையை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் புல் வளர்த்தாலும் வாடகை உண்டு. மற்ற இடத்தில் வழக்கம்போல் பயிர் செய்யலாம். மழையில் அடித்துவரும் மண்ணையும் உரத்தையும் புல் தடுத்துவிடும். கிராஞ்சியில் பண்ணைகளுக்குப் பக்கத்தில் இருப்பது நாம் குடிக்கும் நீரைத் தேக்கும் நீர்த்தேக்கம். அங்கே இதைவிடத் தேவையான செலவு எனக்குத் தெரியவில்லை.

குத்தகைக் காலமும் இடிக்காது. புதிய பண்ணை நிலங்கள் 20 ஆண்டுக்கு விடப்படுகின்றன. 10 ஆண்டு ஒப்பந்தம் அதற்குள் அடங்கும். மண்ணில் பயிர் செய்யும் பண்ணைகளிலிருந்து தொடங்கலாம். பட்டைக்கு விடும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பண்ணை கட்டும் குத்தகைத் தொகையையாவது அரசு திருப்பித் தர வேண்டும்.