டிராக் டேக்கு 'பிரேக் பேக்கேஜ்' போடுகிறீர்களா? ஆயில் டப்பாவின் சீல் உடைவதைக் கண்ணால் பாருங்கள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, அதற்கு முன் ஏதோ ஒரு கராஜில் 'டிராக் பிரெப்' (டிராக்குக்கு வண்டியைத் தயார் செய்வது) என்று பணம் கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜ் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில், இன்ஸ்டாகிராமில் நல்ல பேர் எடுத்த இடம். அந்தப் பேரை நம்பித்தான் போனேன்.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. ரோட்டில் அதன் பிரேக்கைக் குறை சொல்ல முடியாது. டிராக் கதை வேறு. 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தும்போது பிரேக் வாங்கும் சூட்டைப் போல, 150-இல் வரும்போது ஆறு மடங்குக்கு மேல் வாங்கும். டிராக்கில் அதை ஒவ்வொரு சுற்றிலும், ஆற விடாமல் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அதனால்தான் பேக்கேஜ் கேட்டேன்: ரேசிங் பிரேக் ஆயில், முன் பக்கம் டிராக்குக்கான பிரேக் பேட், நான்கு வீலுக்கும் முழு பிளீடிங் (பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஏற்றுவது), வீல் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்குவது. நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலிப்பருக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பெயிண்ட் இலவசம் என்றார்கள். ஆர்எஸ்ஸில் காலிப்பர் ஏற்கெனவே சிவப்புதான். சிவப்பு மேலேயே சிவப்பு அடித்துக் கொடுத்தார்கள்.

வேலை முடிந்த அன்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. என் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில், சீல் உடைத்த ஆயில் டப்பா. பானெட்டைத் திறந்து பார்த்தால் ரிசர்வாயரில், அதாவது பிரேக் ஆயில் தொட்டியில், ஆயில் புத்தம் புதிதாக, வெளிர் மஞ்சளில் இருந்தது. யார் சந்தேகப்படுவார்கள்?

டிராக்கில் முதல் செஷன் நிதானமாகப் போனது. இரண்டாவதில் வேகம் கூட்டினேன். சில சுற்றுகள் கழித்து பெடல் கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு பிடித்தது. பிட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்து வந்த அதே சுற்றில், ஒரு வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் தரை வரை போய்விட்டது. கீழே எதுவுமே இல்லை. இரண்டு மூன்று முறை அடித்து அடித்து மிதித்து, ஸ்டியரிங் பேடிலில் கியரை இறக்கி, பாதி வேகம்தான் குறைந்தது. வெளியே மண்ணில் இறங்கி நின்றேன். மார்ஷல் மஞ்சள் கொடி காட்டி மற்ற வண்டிகளை அடக்கினார். பம்பரும் அடிப்பக்க கவரும் போயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் ஒட்டி யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

பிட்டில் இருந்த, பல வருடமாக ரேஸ் வண்டிகளைப் பார்க்கும் ஒரு அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். முதலில் அவர் காட்டியது பிளீடர் நிப்பிளை, பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் திருகு அது. நிப்பிளுக்கும் காலிப்பருக்கும் நடுவே பெயிண்ட் ஒரே படலமாக ஓடியிருந்தது, ஒரு கீறல் இல்லை. பெயிண்ட் அடித்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். வண்டி ஆறியதும் அதைத் திறந்தார். வந்தது கடுங்காப்பி நிறம். ஈரம் பார்க்கும் பேனாவை வைத்ததும் சிவப்பு விளக்கு. "தம்பி, மேல இருக்கிற பழசை சிரிஞ்சில உறிஞ்சிட்டு புதுசை ஊத்தியிருக்காங்க. கீழ ஒரு சொட்டு மாறல" என்றார்.

இது ஏன் இவ்வளவு ஆபத்து? கிளைகால் (glycol) என்ற ரசாயனத்தில் செய்த வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ரேசிங் ஆயில் 300-ஐத் தாண்டும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், நீங்கள் மிதிக்கும் அழுத்தம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடைத் தள்ளும் பிஸ்டனுக்குப் போகாது. ரோட்டில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் இந்த ஏமாற்று வெளியே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் செய்கிறார்கள். பேட் மட்டும் புதிதாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனைப் பின்னால் தள்ளினால் பேட் மாற்றிவிடலாம், நிப்பிளைத் தொட வேண்டியதில்லை.

போன் செய்தேன். "ப்ரோ, டிராக்ல ஓட்டுனா எந்த வண்டிக்கும் இப்படித்தான் ஆகும்." பெயிண்ட் பற்றிக் கேட்டேன். "பிளீட் பண்ணிட்டுதான் பெயிண்ட் அடிச்சோம்." அப்படியானால் உள்ளே கறுப்பு ஆயில் எப்படி வந்தது என்றதும் குரல் மாறியது. "பம்பரை இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம் ப்ரோ. ரோட்ல நாய் குறுக்க வந்துச்சுனு சொல்லுங்க." கார் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்: ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்கு அது செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக் செலவு நம் கைக்காசு. பொய் சொல்லி கிளெய்ம் வாங்கினால் அது மோசடி, மாட்டுவது நாம், கராஜ் அல்ல.

என்னைக் கொதிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அன்று டிராக்குக்கு வந்திருந்த இன்னொருவரும் அதே கராஜில் பேக்கேஜ் போட்டவர். அவருக்கு வந்த டப்பா போட்டோவைக் காட்டினார். டப்பாவின் விளிம்பில் அதே நசுங்கல், லேபிளில் அதே கிழிசல். ஒரே காலி டப்பா, வண்டி வண்டியாகப் போஸ் கொடுத்திருக்கிறது! அவர் அன்று வண்டியை வெளியே எடுக்கவே இல்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். சீல் உங்கள் எதிரில் உடைய வேண்டும். முழுதாக மாற்ற ஒரு லிட்டர் அளவுக்கு ஆயில் போகும், அரை லிட்டர் டப்பா ஒன்றோடு கணக்கு முடிகிறது என்றால் நம்பாதீர்கள். வடித்த பழைய ஆயிலைப் பாட்டிலில் காட்டச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். 'கஸ்டமர் உள்ளே வரக்கூடாது' என்றால் வேறு இடம் பாருங்கள். டிராக்கில் ஒட்டும் சோதனை ஸ்டிக்கரை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஹெல்மெட், டயர், ஒழுக்கு என்று வெளியே தெரிவதைத்தான் பார்ப்பார்கள், காலிப்பருக்குள் எட்டிப் பார்க்க அவர்களால் முடியாது.

ஜிஎஸ்டி பில்லை விடாமல் வாங்குங்கள். அதில் ஆயிலின் பெயரும் அளவும் தனித்தனியாக இருக்கட்டும். என்னிடம் அந்த பில் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்ல முடிந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. புகார் போன பிறகு கராஜிலிருந்து வந்த சமாதானம், அடுத்த சர்வீஸ் இலவசம் என்பது. எனக்குத் தேவை முழுப் பணமும் பம்பர் செலவும். ஆணையத்துக்கான மனுவை வக்கீல் நண்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதே டப்பா போட்டோ உங்களிடமும் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் அனுப்புங்கள்.