உருண்டை எழுத்துரு வரைய ஃபொன்ட்ஃபோர்ஜ்: கல்லடியிலிருந்து ஒரு மதிப்பீடு

பாலர் பாடசாலைச் சுவரில் ஒட்டும் எழுத்தட்டைகளுக்காக, கூரிய முனை ஒன்றுகூட இல்லாத தமிழ் எழுத்துரு ஒன்றை நானே வரைய வேண்டும் என்ற எண்ணத்தில் ஃபொன்ட்ஃபோர்ஜ் மென்பொருளை என் பழைய மடிக்கணினியில் நிறுவினேன். எங்கள் பக்கத்து அச்சகங்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைக்கும் பாமினி முறையில் அமைந்த பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒருங்குறியில் (யூனிகோட்) உருண்டை வடிவம் தேடுவோருக்குப் பலூ தம்பி இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல எழுத்துருவும்கூட. ஆயினும் அது தலைப்புகளுக்கென வரையப்பட்ட தடித்த எழுத்து. ஐந்து வயதுப் பிள்ளை விரலால் தடவிப் பழகுவதற்கு வேண்டிய மெல்லிய, ஒரே தடிப்புள்ள கோடு எனக்குத் தேவைப்பட்டது.

ஜோர்ஜ் வில்லியம்ஸ் 2000ஆம் ஆண்டளவில் வேறொரு பெயரில் வெளியிட்டு, 2004இல் இப்பெயர் சூட்டிய இம்மென்பொருள் முற்றிலும் இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் இயங்கும். தொழில்முறை வடிவமைப்பாளர்கள் விரும்பும் கிளிஃப்ஸ் என்ற எழுத்துரு மென்பொருள் மக் கணினியில் மட்டுமே இயங்குவது, அதையும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம் எழுத்து வரையும் என்போன்றவருக்கு அந்த ஒப்பீடு அத்துடன் முடிந்துவிடுகிறது.

உருண்டை எழுத்துக்கு இதில் உள்ள பெரும் வசதி 'எக்ஸ்பாண்ட் ஸ்ட்ரோக்' என்ற கட்டளை. எழுத்தின் நடுக்கோட்டை மட்டும், பிள்ளை பென்சிலால் எழுதுவதுபோல, ஒற்றைக் கோடாக வரைந்துவிட்டுத் தடிப்பு 90 அலகு, முனை வட்டம், மூட்டு வட்டம் என்று தெரிவு செய்தால், அந்தக் கோடு இருபுறமும் விரிந்து உருண்டை முனைகளுடன் முழு எழுத்தாகிவிடும். (எழுத்தின் மொத்த உயரத்தை 1000 அலகாகப் பிரித்து வேலை செய்கிறேன்.) நடுக்கோட்டைத் தனி அடுக்கில் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது, தடிப்பு போதவில்லை என்று பின்னர் தோன்றினால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியதில்லை. இக்கட்டளை 2020இல் புதிதாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், ஏனெனில் விரிந்த கோட்டில் தேவையற்ற புள்ளிகளைப் பொறுக்கி எடுப்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும்.

ஆனால் முனை உருண்டையாவதும் எழுத்து வழுவழுப்பாவதும் வேறு வேறு. 'ப' எழுத்தின் கீழ் மூலையை முதலில் 100 அலகு ஆரமுள்ள கால்வட்டமாக வரைந்தேன். கால்வட்டத்துக்குரிய கைப்பிடியின் (வளைவை இழுத்துத் திருப்ப, புள்ளியிலிருந்து நீளும் கோடு) நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு, அதாவது 55 அலகு, கணக்கில் பிழையில்லை. அச்சிட்டுப் பார்த்தபோதோ, நேர்கோடு வளைவைத் தொடும் இடத்தில் சிறு புடைப்பு இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. நேர்கோட்டில் வளைவே இல்லை. வட்டம் தொடங்கிய கணத்திலேயே முழு வளைவும் வந்துவிடுகிறது. அந்தத் திடீர் மாற்றத்தைத்தான் கண் பிடித்துக்கொள்கிறது. வளைவு தொடங்கும் புள்ளியை இரு பக்கமும் 40 அலகு பின்தள்ளி, கைப்பிடிகளை 95 வரை நீட்டியதும் புடைப்பு மறைந்து, கோடு மெல்லத் திரும்பத் தொடங்கியது. அன்றிரவு அந்த ஒரு 'ப'வையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வேலையை எளிதாக்கவே 'ஸ்பைரோ' என்ற வரைமுறை இதில் சேர்க்கப்பட்டுள்ளது. ராஃப் லெவியன் உருவாக்கிய இம்முறை, வளைவு சிறிது சிறிதாகக் கூடும் சுருள்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. கைப்பிடிகளே இல்லாமல், கோடு செல்ல வேண்டிய இடங்களில் புள்ளி வைத்தால் போதும். 'அ', 'ஒ' ஆகியவற்றின் சுழிகளை நான் ஸ்பைரோவில்தான் வரைந்தேன். புள்ளி ஒன்றை நகர்த்தினால் தொலைவில் உள்ள வளைவும் சேர்ந்து அசையும் என்பதால், குறைந்த புள்ளிகளுடன் பொறுமையாக வேலை செய்ய வேண்டும்.

ஒரே தடிப்புக்கோடு தமிழில் எங்கே தோற்கிறது என்பதை நிழற்பிரதிக் கடையில் கண்டேன். 12 புள்ளி அளவில் அச்சிட்ட தாளில் 'ட', 'ப', 'ம' மூன்றும் தெளிவாக இருக்க, 'ண' மட்டும் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாக நின்றது. 'ஞ', 'ஜ' இரண்டும் அதற்குச் சற்றே மேல். இதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. சுழிகளின் உட்பக்கத்தில் தடிப்பை 90இலிருந்து 74 வரை கையால் குறைத்து, எழுத்தையும் சிறிது அகலமாக்கினேன். மெய்யெழுத்தின் மேல் இடும் குற்றை இதற்கு நேர்மாறாக, கோட்டைவிடப் பெரிதாக, 112 அலகு விட்டத்தில் வைத்தேன். 90இல் வைத்தபோது அது தூசிபோலத் தெரிந்தது. ஓலை கிழியாதிருக்கக் குற்றிடாமலே எழுதிய ஏட்டு மரபிலிருந்து வந்த நமக்கு, குற்றின் அளவைக் கணினியில் தீர்மானிக்கும் உரிமை கிடைத்திருப்பது எனக்குப் பெரிய விடயமாகவே படுகிறது.

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. அரவும் (ா) கொம்புகளும் (ெ, ே) தனித்தனி உருக்கள். 'கொ' போன்றவற்றை இயங்குதளமே சேர்த்துக்கொள்ளும். உகர, ஊகார வடிவங்கள் 36, 'டி', 'டீ' ஆகியவற்றைத் தனியே வரைந்து, எந்த இரண்டு சேர்ந்தால் எது வரவேண்டும் என்று அட்டவணையில் பதிய வேண்டும். இங்கேதான் இரண்டு வாரம் சிக்கிக்கொண்டேன். 'கு' வரைந்திருந்தும், எழுதினால் 'க'வும் உகரக் குறியும் பிரிந்தே நின்றன. அட்டவணையின் மொழிவரிவடிவம் இலத்தீன் என்று இருந்ததே காரணம். அதைத் தமிழுக்குரிய 'டிஎம்எல்2' என்று மாற்றியவுடன் முப்பத்தாறும் ஒன்றாகச் சரியாகின. என்னிடமுள்ள பதிப்பின் சோதனைச் சாளரம் கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்திக் காட்டுவதில்லை. ஆகவே எழுத்துருவை நிறுவி, லிப்ரே ஒஃபிஸில் எழுதிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

சாளரங்கள் பழைய காலத்தவை. பட்டியல்கள் ஆங்கிலத்தில் நீளமானவை. முதல் வாரம் சலிப்பூட்டும். அதைத் தாண்டக்கூடியவருக்கு இதையே பரிந்துரைக்கிறேன், ஆனால் 'அ'விலிருந்து தொடங்க வேண்டாம். 'ட', 'ப', 'ண' மூன்றையும் முதலில் முடித்து, சிறிய அளவில் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். என் எழுத்துருவில் 'ஞூ', 'ணூ' இரண்டும் இன்னும் நெரிசலாகவே இருக்கின்றன. அவை சரியான பின்பே அட்டைகளை அச்சுக்குக் கொடுப்பேன்.